பாடி முடிந்த பின்னும் பாடிய கூட்டம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கலையும் சுவைஞரும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். இப்பொருளில் பேச வருவோர் பெரும்பாலும் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவர். நானும் அவ்வாறே தொடங்கியிருக்கலாம். ஆயினும், நம் இலக்கண நூலார் வகுத்த மெய்ப்பாட்டுக் கோட்பாட்டை நமக்கு முற்றிலும் அயலான ஓர் அரங்கில் வைத்துப் பார்த்தால் என்ன புலப்படும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆதலின் இன்று உங்களை இங்கிலாந்து நாட்டின் சாமர்செட் பகுதியிலுள்ள ஒரு பால்பண்ணைக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கு 2009ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஞாயிறு இரவில் நிகழ்ந்த ஒன்றே என் பேச்சின் பொருள். நான் அங்கிருந்தவள் அல்லேன். பி.பி.சி. ஒளிபரப்பிய பதிவுகளைக் கொண்டும் அக்காலத்தில் வெளிவந்த செய்திகளைக் கொண்டுமே பேசுகிறேன்.

ராக் இசை என்றவுடன் முகம் சுளிப்போர் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அது வெறும் இரைச்சல் என்றும், அதன்முன் ஆடுவோர் நிலைகுலைந்த இளைஞர் என்றும் நம் மேடைகளில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அவ்விசை நல்லதா அன்றா என்பது இன்று என் வழக்கன்று. அங்கே கூடிநின்ற மக்களின் கண்ணீர் மெய்யானதா என்பதே என் வினா. அதை மெய்யன்று என்று தள்ளுவோமாயின், ஒரு பாட்டைக் கேட்டு மனிதர் உருகுவது என்பதைப் பற்றி நாம் வகுப்பறைகளில் சொல்லிவரும் பலவற்றையும் சேர்த்தே தள்ளவேண்டியிருக்கும்.

அப்பண்ணையின் பெயர் வொர்த்தி. பில்டன் என்னும் சிற்றூரை ஒட்டியது. அதன் உரிமையாளரான மைக்கேல் ஈவிஸ் என்னும் பால்பண்ணைக்காரர் 1970ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே முதல் இசைவிழாவை நடத்தினார். நுழைவுக் கட்டணம் 1 பவுண்டு. பண்ணைப் பால் இலவசம். வந்தவர் சுமார் 1,500 பேர். அதுவே கிளாஸ்டன்பரி விழாவாக வளர்ந்து இன்று 2,00,000 பேர் வரை கூடும் பெருவிழாவாக நிற்கிறது. கூம்பு வடிவில் அமைந்த அதன் முதன்மை மேடைக்குப் பிரமிட் மேடை என்று பெயர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்தைத் தரிசாக விட்டுவிடுவர். மிதிபட்ட புல் மீண்டும் தழைக்கவும், மாடுகள் அமைதியாக மேயவும் அந்த ஓர் ஆண்டு. உழவர் ஒருவர் தொடங்கிய விழா என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

பிளர் என்னும் குழுவைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அக்குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன். கித்தார் இசைப்பவர் கிரகாம் காக்சன். இருவரும் எசெக்ஸ் பகுதியின் கோல்செஸ்டரில் ஒரே பள்ளியில் பயின்ற இளமைத் தோழர்கள். அலெக்ஸ் ஜேம்ஸ், டேவ் ரவுன்ட்ரீ ஆகிய இருவரும் உடன்சேர, 1980களின் இறுதியில் லண்டனில் உருவான குழு அது. 1994இல் வெளிவந்த 'பார்க்லைஃப்' என்னும் இசைத்தட்டு அவர்களை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டில் இக்குழுவுக்கும் மான்செஸ்டரைச் சேர்ந்த ஒயாசிஸ் குழுவுக்கும் மூண்ட போட்டியை ஆங்கில நாளேடுகள் ஒரு போர்போலவே எழுதின. 1995 ஆகஸ்ட் 14 அன்று இரு குழுக்களும் ஒரே நாளில் தத்தம் பாட்டுகளை வெளியிட்டன. பிளர் 2,74,000 தட்டுகளும் ஒயாசிஸ் 2,16,000 தட்டுகளும் விற்றதாகக் கணக்குச் சொன்னார்கள். அன்றைய இளைஞருள் பலர் இவ்விரண்டில் ஒரு கட்சியைச் சார்ந்தே நின்றனர்.

நிற்க. குழுக்கள் பிரிவது புதுமையன்று. நம் சிற்றிதழ்க்காரர்கள் பிரிந்த கதைகளை இங்கே முன்வரிசையில் அமர்ந்திருப்போர் என்னைவிட நன்கறிவர். 2002இல் அடுத்த இசைத்தட்டுக்கான பணி நடந்துகொண்டிருந்தபோது காக்சன் குழுவைவிட்டு விலகினார். மதுவோடு தாம் போராடிய காலத்தைப் பற்றிப் பிற்காலத்தில் தம் நினைவுநூலில் அவரே எழுதியிருக்கிறார். 2003இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் மட்டுமே அவருடைய கித்தார் ஒலிக்கிறது. அதன்பின் குழு கலைந்ததாக முறையான அறிவிப்பு எதுவும் இல்லை, கூடியதாகவும் இல்லை. பள்ளித் தோழர் இருவரும் பேச்சற்றுப்போயினர். சுவைஞர்களுக்கு இத்தகைய பிரிவே மிகக் கொடிது என்பேன். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் துக்கம் கொண்டாடி எழுந்துவிடலாம். சொல்லப்படாத முடிவு வாசலைத் தாழிடவிடுவதில்லை.

2008 டிசம்பரில், நால்வரும் மீண்டும் சேர்வதாக அறிவிப்பு வந்தது. 2009 ஜூலை 3 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நிகழ்ச்சி என்றார்கள். அதற்கான சீட்டுகள் மிக விரைவில் தீர்ந்துபோகவே, ஜூலை 2 அன்றும் ஒரு நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது. பின்னர்க் கிளாஸ்டன்பரி விழாவின் கடைசி இரவின் தலைமை நிகழ்ச்சியும் அவர்களுடையது என்று தெரியவந்தது. ஆயினும் நால்வரும் நேரே பெருமேடைக்குப் போய்விடவில்லை. ஜூன் 13 அன்று, கோல்செஸ்டருக்கு அருகே பழைய ரயில்பெட்டிகளையும் எஞ்சின்களையும் காத்துவரும் கிழக்கு ஆங்கிலிய ரயில் அருங்காட்சியகத்தில், ஒரு சரக்குக் கொட்டகையில், சிறு கூட்டத்தின் முன் பாடினார்கள். குழு தோன்றிய புதிதில், வேறு பெயரோடு இருந்தபோது, முதன்முதல் பாடிய இடம் அது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு ஊர்ப்பயணம் கிளம்புவோரைப் போல, தொடங்கிய இடத்தைத் தொட்டுவிட்டுப் பெருமேடைக்குச் சென்றார்கள்.

அவ்வாண்டு விழாவின் வெள்ளி இரவு நீல் யங்; சனி இரவு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். இருவரும் பேராளுமைகள். இதற்கிடையே, விழாவுக்கு மக்கள் வந்து கூடாரம் அடித்துக்கொண்டிருந்த ஜூன் 25 வியாழனன்று மைக்கேல் ஜாக்சன் மறைந்த செய்தியும் வந்து சேர்ந்திருந்தது. ஞாயிறு இரவில் பிளர் மேடையேறியது. 1998இல் அதே மேடையில் தலைமை நிகழ்ச்சி நடத்தியபின் 11 ஆண்டுகள் கழிந்திருந்தன. தம் முதல் பாட்டாக 1990இல் வெளியிட்ட 'ஷீ இஸ் சோ ஹை' என்பதையே தொடக்கப் பாட்டாகக் கொண்டார்கள். இத்தகைய நிகழ்ச்சிகளில் புதுப்பாட்டுகளைப் பாடித் தம் வளர்ச்சியைக் காட்ட விழைவோர் உண்டு. கூட்டம் பொறுமையோடு கைதட்டிவிட்டுப் பழைய பாட்டுக்காகக் காத்துநிற்கும். இவர்கள் அந்த முயற்சியையே மேற்கொள்ளவில்லை.

இனி நான் குறிப்பாக எடுத்துரைக்க விரும்பும் இரண்டு நிகழ்வுகள்.

முதலாவது, 'டு தி எண்ட்' என்னும் பாட்டின்போது நிகழ்ந்தது. தமக்கிடையே நேர்ந்த இடர்களைக் கடந்துவர முயலும் இருவரைப் பற்றிய காதற்பாட்டு அது. 1994இல் பாடப்பட்டபோது அது ஓர் ஆடவனையும் பெண்ணையும் பற்றியதாகவே இருந்தது. 2009இல், பல ஆண்டு பேச்சற்றிருந்த தோழனை அருகில் வைத்துக்கொண்டு பாடும்போது, சொல் ஒன்றுகூட மாறாமல் பொருள் மாறிவிட்டது. சூழல் மாறினால் பாட்டின் பொருள் மாறும் என்பதை நம் உரையாசிரியர்கள் கூற்று, துறை என்றெல்லாம் பிரித்து விளக்கியிருக்கிறார்கள். கூற்றுக்கு உரியவர் யார், கேட்போர் யார் என்பது மாறினால் துறையே மாறிவிடும். அப்பாட்டின் முடிவில் டேமன் ஆல்பர்ன், 41 வயது நிரம்பியவர், அத்துணைப் பேர்முன் மேடையில் அமர்ந்து விம்மி அழுதார்.

இரண்டாவது, 'டெண்டர்' என்னும் பாட்டைச் சார்ந்தது. 1999இல் வெளிவந்த அப்பாட்டில் லண்டன் சமுதாயக் காஸ்பல் பாடகர் குழு உடன்பாடியிருக்கிறது. காஸ்பல் என்பது கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த பாடல்முறை. நம் பஜனை மடங்களில் முன்பாட்டு, பின்பாட்டு என்போமே, ஏறத்தாழ அதே அமைப்பு. அப்பாட்டின் பின்பாட்டுப் பகுதியில் சொற்கள் மிகச் சில. குரல் உச்சத்துக்கும் ஏறவேண்டியதில்லை, அடித்தளத்துக்கும் இறங்கவேண்டியதில்லை. இசையறிவு சிறிதும் இல்லாதவர்கூட இரண்டாம் முறை கேட்கும்போது உடன்பாடிவிடலாம். பெருங்கூட்டம் பாடத்தக்க பாட்டுக்கு வேண்டிய இலக்கணம் இதுதான். அன்று பாட்டு முடிந்தது. குழுவினர் இசைப்பதை நிறுத்தினர். கூட்டம் நிறுத்தவில்லை. அப்பின்பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தது. பின்னர்க் குழுவினர் மேடையைவிட்டு இறங்கியிருந்த இடைவேளையிலும், மீண்டும் வருக என்று கூவி அழைப்பதற்கு மாறாக, அதே அடிகளைப் பாடியே அவர்களை அழைத்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அப்பாட்டின் முதன்மைப் பகுதிகளைப் பாடுபவர் ஆல்பர்ன். கூட்டம் எடுத்துக்கொண்ட அந்தச் சிறு பகுதியைப் பாடுபவரோ காக்சன். அதாவது, 2002இல் விலகிப்போனவர். யாரும் முன்கூட்டித் திட்டமிட்டு இதைச் செய்திருக்க இயலாது. ஆயினும் எவர் குரல் ஏழாண்டுகள் இல்லாதிருந்ததோ அவர் குரலுக்குரிய அடிகளையே அப்பெருங்கூட்டம் தன் வாயில் ஏற்றுக்கொண்டது. மன்னிப்பு, வரவேற்பு, நன்றி ஆகிய மூன்றையும் ஒருசேரச் சொல்லும் வழி வேறு எது இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

செயிற்றியம் என்னும் பழைய கூத்தநூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர் அதிலிருந்து எடுத்துக்காட்டும் நூற்பாக்கள் அரியவை. மேடையில் ஒருவன் செய்தது காண்பவரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. ஆறு மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல, சுவை கலைஞனிடமிருந்து காண்போனுக்குப் பாய்கிறது. இக்கருத்தை நான் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவருகிறேன். ஆனால் கிளாஸ்டன்பரிப் பதிவைப் பார்க்கும்போது ஆறு எதிர்த்திசையில் ஓடக் காண்கிறேன். அங்கே கூட்டம் பாடுகிறது. கலைஞர் கேட்டு நிற்கிறார். கூட்டம் செய்தது கலைஞரைச் சென்றடைகிறது. அவர் கண்ணீரே அதற்குச் சான்று. செயிற்றியனார் இதை ஏற்பாரா என்று கேட்டால், ஏற்பார் என்றே எண்ணுகிறேன். அந்நேரத்தில் மேடை எது, அவை எது என்பதுதான் இடம் மாறிற்றே ஒழிய, செய்தவருக்கும் எய்தியவருக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

அந்தக் கண்ணீர் எவ்வகையைச் சார்ந்தது? தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. கண்ணீர் இருப்பதால் அழுகை என்போமாயின், இழந்ததைத் திரும்பப் பெற்ற நேரத்தில் இழவு எங்கிருந்து வந்தது? புணர்வினால் பிறந்த உவகை என்போமாயின், உடல் ஏன் விம்முகிறது? என் கருத்து இது. பிரிந்திருந்த காலத்தில் அழாமல் அடக்கிவைத்த அழுகை, கூடிய பின்னரே வெளிப்படுகிறது. கூடாதிருக்கும்வரை தாம் இழந்தது எவ்வளவு என்பது பிரிந்தவர்க்கே தெரிவதில்லை. கூட்டத்துக்கும் அதுவே. 1995இல் 18 வயதினராய் இருந்தோர் 2009இல் 32 வயதினர். பலர் மணமாகி, வீட்டுக்கடனும் குழந்தைகளும் உடையவர். அவர்கள் அன்று மீட்டுக்கொண்டது நான்கு இசைஞரின் நட்பை மட்டுமன்று. அதனால்தான் சிலர் இதனைப் பழமையேக்கம் என்று எளிதாகச் சொல்லி ஒதுக்குகிறார்கள். ஏக்கம் என்பது இல்லாத ஒன்றை நாடுவது. அன்று அங்கே இருந்ததோ, நால்வரும் கண்முன் நின்று இசைத்த பாட்டு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. பிரிந்த குழுக்கள் கூடுவது பெரும்பாலும் பணத்துக்காகவே என்பது பலர் கூற்று. அதில் உண்மை இல்லாமலில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழு 1996இல் மீண்டும் கூடியபோது தன் சுற்றுப்பயணத்துக்கு 'இழிபணம்' என்று பொருள்படும் பெயரையே சூட்டிக்கொண்டது. அமெரிக்காவின் பிக்சீஸ் குழு 2004இல் கூடியபோது, 'விலைபோதல்' என்றும் 'சீட்டெல்லாம் விற்றுத் தீர்தல்' என்றும் இருபொருள் தரும் சொல்லைத் தன் பயணத்தின் பெயராக வைத்து நகையாடிற்று. குற்றச்சாட்டைத் தாமே முன்வந்து சொல்லிவிடும் இக்குறும்பை நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒயாசிஸ் செய்தி வேறு. கிளாஸ்டன்பரி இரவுக்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து, 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸ் இசைவிழா ஒன்றில் மேடையேறும் முன்னரே அண்ணன் தம்பி இருவரும் சண்டையிட்டுக்கொள்ள, அக்குழு உடைந்தது. 2024 ஆகஸ்டில் மீண்டும் கூடுவதாக அறிவித்தபோது, சீட்டு வாங்க இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்துநின்ற சுவைஞர்கள், 150 பவுண்டு அளவில் இருந்த சீட்டின் விலை தம் முறை வரும்போது 350 பவுண்டைத் தாண்டியிருக்கக் கண்டனர். பிரிட்டன் அரசின் வணிகப் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கும் அளவுக்குக் குமுறல் எழுந்தது. அன்பு மிகுந்தவரிடம் கூடுதல் விலை பெறலாம் என்று கண்டுகொண்ட வணிகம் அது. அதை நான் கண்டிக்கிறேன். ஆயினும் வணிகர் சுரண்டினார் என்பதால் சுரண்டப்பட்டவரின் அன்பு போலி ஆகிவிடாது. போலியாக இருந்திருந்தால் 350 பவுண்டு என்றதும் வரிசையிலிருந்து விலகிப் போயிருப்பார்களே!

கிளாஸ்டன்பரியில் இச்சிக்கல் சற்றுக் குறைவு. தலைமை நிகழ்ச்சி யாருடையது என்று தெரியும் முன்பே பெரும்பாலான சீட்டுகள் விற்றுவிடுவது அங்கு வழக்கம். ஆகவே அன்று பிரமிட் மேடைமுன் நின்றோர் அனைவரும் பிளரின் தீவிர அன்பர் அல்லர். இதுவே என்னை வியக்கவைப்பது. தனி நிகழ்ச்சிக்கு வருவோர் எல்லாப் பாட்டும் அறிந்தவர். அவர் பாடுவதில் வியப்பில்லை. விழாவுக்கு வந்தோர் பல வகையினர். அவர்களும் பாடினார்கள் எனில், அப்பாட்டுகள் அதற்குள் ஒரு குழுவின் உடைமை என்னும் நிலையைக் கடந்து, வானொலி வழியாகவும் மதுக்கடைகள், கல்லூரி விடுதிகள், திருமண விருந்துகள் வழியாகவும் அந்நாட்டின் பொதுச்சொத்தாகிவிட்டன என்று பொருள்.

இதற்கு மறுதலையும் உண்டு. கலிஃபோர்னியாவில் இண்டியோ என்னும் ஊரில் நடைபெறும் கோச்செல்லா விழாவில், 2013ஆம் ஆண்டு வெள்ளி இரவுக்குப் பிளரும் ஸ்டோன் ரோசஸ் குழுவும் தலைமை. இரண்டுமே பிரிந்து கூடியவை. ஸ்டோன் ரோசஸ் மீண்டும் கூடி 2012இல் மான்செஸ்டர் ஹீட்டன் பூங்காவில் மூன்று நாள் பாடியபோது 2,00,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் விற்றுத் தீர்ந்திருந்தன. கோச்செல்லாவிலோ அக்குழுவின்முன் கூட்டம் மெலிந்து கிடந்ததாகச் செய்திகள் வந்தன. 2024 ஏப்ரல் 13 அன்று பிளர் மீண்டும் கோச்செல்லாவில் பாடிற்று. முந்தைய ஆண்டு லண்டன் வெம்ப்ளி அரங்கில் இரண்டு இரவுகள் பெருந்திரளின்முன் பாடிய அதே குழு. 'கேர்ல்ஸ் அண்ட் பாய்ஸ்' என்னும் பாட்டின் பல்லவியை உடன்பாடுமாறு ஆல்பர்ன் அழைத்தார்; கூட்டம் வாளாவிருந்தது. இனி எங்களை நீங்கள் காணப்போவதில்லை, இப்போதாவது பாடிவிடுங்கள் என்னும் கருத்துப்படச் சினந்து பேசினார்.

அக்கூட்டத்தை மூடக்கூட்டம் என்று ஆங்கில ஏடுகள் சில எள்ளின. நான் அவ்வாறு கருதவில்லை. கோச்செல்லாவில் நின்ற இளைஞர்க்கு அக்குழு பிரிந்ததும் தெரியாது, கூடியதும் தெரியாது. இழவு இல்லாத இடத்தில் மீட்சியின் உவகை எங்ஙனம் பிறக்கும்? உருகு என்று ஆணையிட்டு எவரையும் உருக்க இயலாது. நம் இலக்கிய விழாக்களில் கவிஞர் சிலர், 'கைதட்டுங்கள்' என்று தாமே கேட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு ஆல்பர்னின் அந்தச் சினமே நினைவுக்கு வருகிறது. கிளாஸ்டன்பரியில் அவர் கேட்கவே இல்லை, கூட்டம் நிறுத்தவில்லை. கோச்செல்லாவில் கேட்டார், கூட்டம் தொடங்கவில்லை. பாடகர் ஒருவரே. குரலும் அதுவே.

கிளாஸ்டன்பரிக்குப் பிறகு நான்கு நாள் கழித்து நடந்த ஹைட் பூங்கா நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவை அக்குழு அவ்வாண்டிலேயே வெளியிட்டது. மக்கள் அனைவரும் என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. ஒலிப்பதிவாளர் விரும்பியிருந்தால் கூட்டத்தின் ஓசையைக் குறைத்துப் பாடகரின் குரலைத் தூய்மையாக்கித் தந்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 'டெண்டர்' பாட்டின் பின்பாட்டு வருமிடத்தில் சற்றே சுருதி விலகியும் தாளம் பிந்தியும் ஒலிக்கும் ஆயிரக்கணக்கான குரல்களை அதில் இன்றும் கேட்கலாம். கேட்க விரும்புவோர்க்கு அப்பதிவை அடுத்த கூட்டத்துக்கு நானே கொண்டுவருகிறேன்.